சார்மத் பீச்ல ஃபாசில் தேடப் போறோம், சுத்தியல் கொண்டு போகணுமா?

தென்றல்_ஈஸ்ட்ஹாம்:

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் ஃப்ரெண்டும் பிப்ரவரி கடைசில ரெண்டு நாள் லீவ் போட்டுட்டு டோர்செட் பக்கம் சார்மத் பீச்சுக்கு ஃபாசில் தேடப் போறதா இருக்கோம். அவ பெரம்பலூர்க்காரி, ஸ்கூல் படிக்கும்போது சாத்தனூர் கல்மரத்தைப் பாத்ததுல இருந்து இந்த ஆசை, லண்டன் வந்த நாள்ல இருந்து எப்போ போலாம் எப்போ போலாம்னு கேட்டுட்டே இருக்கா, இப்பதான் ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவ் கிடைச்சிருக்கு. வாட்டர்லூல ரயில் ஏறி ஆக்ஸ்மின்ஸ்டர்ல இறங்கி அங்கருந்து பஸ், லைம் ரீஜிஸ்ல ஒரு ராத்திரி தங்கல், இது வரைக்கும் முடிவாயிடுச்சு.

இனிமேதான் சந்தேகமே. அவ ஆன்லைன்ல ஒரு சுத்தியல், உளி எல்லாம் ஆர்டர் பண்ணி வச்சிருக்கா, மலைச்சரிவை உடைச்சுதான் எடுக்கணும்னு சொல்றா. நான் படிச்ச வரைக்கும் அந்தக் கரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம், ஒரு கல்லைக்கூட தொடக்கூடாதுன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு, இன்னொருத்தர் பசங்க எல்லாம் வாளி எடுத்துட்டு வந்து பொறுக்கிட்டுப் போறாங்கன்னு எழுதியிருக்காரு. எது உண்மை?

அடுத்தது, எப்படிக் கண்ணுல படும்? வீடியோல பாத்தா சும்மா குனியறாங்க, தங்கக் கலர்ல ஒரு சுருள் கையில இருக்கு. அதே பீச்சோட போட்டோவ நான் பெருசாக்கிப் பாத்தா எல்லாமே ஒரே சாம்பல் கலர் கல்லாதான் தெரியுது. லைமா சார்மத்தா எது நல்லது, காலையில போணுமா சாயங்காலமா, என்ன ஷூ, இதெல்லாமும் சொல்லுங்க. அங்க மண்ணு சரிஞ்சு விழும்னும் கேள்விப்பட்டேன், எங்க ரெண்டு பேருக்கும் நீச்சல் அவ்வளவா வராது, அதனால பயமுறுத்துற விஷயம் ஏதாவது இருந்தா மறைக்காம சொல்லிடுங்க.

கல்லும்கடலும்:

சுத்தியலைப் பைக்குள்ள அடியில போட்டு வைங்க, முதல் நாள் வெளியவே எடுக்க வேணாம். உங்க ஃப்ரெண்ட் கிட்ட சொல்லுங்க, அந்தக் கரையில தோண்டுற வேலைய மழையும் கடலும் ஏற்கனவே பண்ணிட்டு இருக்கு, நமக்கு மிச்சம் இருக்கிறது பாக்குற வேலை மட்டும்தான்.

அது எப்படி நடக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டா எங்க தேடணும்ங்கிறது தானா வந்துடும். சார்மத்துக்கும் லைமுக்கும் நடுவுல பிளாக் வென்னு ஒரு பெரிய சரிவு இருக்கு, முழுக்க கறுப்புக் களிமண்ணும் மார்லும் (சுண்ணாம்பு கலந்த களிமண்ணு), 19 கோடி வருஷத்துக்கும் முந்தின ஜுராசிக் கடலோட அடிச்சேறு. குளிர்கால மழையில அது ஊறி சேறா வழிஞ்சு பீச் வரைக்கும் நாக்கு நீட்டிட்டு வரும். அந்தச் சேத்தை அலை கரைச்சுக் கொண்டு போயிடும், கரையாத கெட்டியான சாமான் மட்டும் கூழாங்கல்லோட தங்கிடும். நீங்க வீடியோல பாத்த தங்கக் கலர் சுருள்தான் அம்மோனைட், சுருள் ஓட்டோட வாழ்ந்து அழிஞ்சுபோன கடல் உயிரி, அது பைரைட்டா மாறினது, பைரைட்டுங்கிறது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், சாதாரணக் கல்லைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கனம். கனமான பொருளை எல்லாம் அலை ஒரே மாதிரி இடத்துல கொண்டு போய் சேர்த்துடும். அதனால பீச் முழுக்க நடந்துட்டே இருக்காதீங்க. துருப்பிடிச்ச இரும்புத் துண்டு, கறுப்பா மினுங்குற பைரைட் கட்டி, சின்னச் சின்ன கனமான கல்லு இதெல்லாம் ஒரு திட்டா கிடக்குற இடம் எதுன்னு தேடுங்க, கிடைச்சா அங்கயே உக்காந்துடுங்க. அரை மணி நேரம் ஒரே இடத்துல. நடக்குறவங்களைவிட உக்காந்தவங்களுக்குத்தான் கிடைக்கும், நான் பாத்த வரைக்கும் இதுல மாற்றமே இல்ல.

தங்கக் கலரை எதிர்பாத்துப் போகாதீங்க, ஈரத்துல பாதிக்கு மேல கறுப்பாவோ பித்தளை மங்கின மாதிரியோதான் இருக்கும். கலரை விட்டுட்டு வடிவத்தைத் தேடுங்க. இயற்கையில கூழாங்கல்லுக்கு ஒழுங்கான கோடு வராது. சம இடைவெளியில வரி வரியா ஏதாவது தெரிஞ்சா, சுருள் தெரிஞ்சா, கையில எடுங்க. பெரும்பாலும் நகம் அளவு, பெருவிரல் அளவுதான், ப்ரோமைக்ரோசெராஸ்னு ஒரு சின்ன அம்மோனைட் அங்க ரொம்ப சாதாரணம், முதுகுல தடிமனான வரி இருக்கும்.

அம்மோனைட்டை விட சுலபமா பெலம்னைட் கிடைக்கும், கணவா மீனோட சொந்தக்காரங்க, அதோட உடம்புக்குள்ள இருந்த கெட்டியான பாகம்தான் தோட்டா வடிவத்துல கல்லா கிடக்கும். முதல் பத்து நிமிஷத்துல அது ஒண்ணு கிடைச்சுடும், கண்ணு பழகுறதுக்கு அது நல்லது. கிரிஃபியான்னு ஒரு வளைஞ்ச சிப்பி, தடிப்பான நகம் மாதிரி சுருண்டிருக்கும். கடல் அல்லின்னு செடி மாதிரி இருக்கிற ஒரு கடல் உயிரி, அதோட தண்டுத் துண்டு நட்சத்திர வடிவத்துல, ரொம்பப் பொடிசா, அதுக்கு மண்டி போட்டுத்தான் ஆகணும். அதிர்ஷ்டம் இருந்தா இக்தியோசார்ங்கிற பழங்காலக் கடல் ஊர்வனவோட முதுகெலும்புத் துண்டு, கேரம் ஸ்ட்ரைக்கரைவிட தடிமனா வட்டமா கறுப்பா இருக்கும், ரெண்டு பக்கமும் நடுவுல குழிஞ்சிருக்கும், அந்தக் குழிதான் அடையாளம்.

ஏமாத்துற கல்லும் நிறைய உண்டு. நார் நாரா இருக்கிற கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) அடுக்கு ஒண்ணு வரும், அதைப் பாத்து எலும்பு, மரம்னு எல்லாரும் நினைப்பாங்க. அங்க அதுக்கு பீஃப்னே பேரு, அந்தப் படிவத்துக்கே ஷேல்ஸ் வித் பீஃப்னு பேர் வச்சிருக்காங்க.

சட்டம் பத்தி. பீச்சுல அவிழ்ந்து கிடக்கிறதைப் பொறுக்கலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. சரிவுலயோ பாறைக்குள்ள பதிஞ்சிருக்கிறதையோ அனுமதி இல்லாம தோண்டக்கூடாது. லைம்ல இருந்து பர்ட்டன் பிராட்ஸ்டாக் வரைக்கும் மேற்கு டோர்செட்டுக்குன்னு ஃபாசில் சேகரிப்பு விதிமுறை ஒண்ணு எழுதி வச்சிருக்காங்க, அதுல இதெல்லாம் தெளிவா இருக்கு. முக்கியமான அறிவியல் மதிப்பு இருக்கிற ஏதாவது கிடைச்சா சார்மத் ஹெரிட்டேஜ் கோஸ்ட் சென்டர்ல பதியச் சொல்றாங்க, பதிஞ்சாலும் பொருள் உங்களோடதுதான். அந்த சென்டர் பீச் ஓரத்துலயே பழைய சிமெண்ட் ஃபேக்டரி கட்டடத்துல இருக்கு, உள்ள போக காசு கிடையாது. போனதும் முதல்ல அங்க போய் அன்னைக்கு கரை எப்படி இருக்குன்னு கேளுங்க. அவங்க நடத்துற ஃபாசில் வாக்குக்கு இடம் இருந்தா புக் பண்ணிடுங்க, காசு கட்டணும், ஆனா முதல் தடவை போறவங்களுக்கு இதைவிட நல்ல செலவு இல்ல.

நேரம்னா காலை மாலைன்னு கணக்கு இல்ல, டைட்தான், அதாவது கடல் ஏறி இறங்குற நேரம்தான் கணக்கு. லைம் ரீஜிஸ் டைட் டேபிள் பாத்து, ஹை டைட் முடிஞ்சு தண்ணி இறங்க ஆரம்பிச்சதும் போங்க, தண்ணி இறங்க இறங்க புதுசு புதுசா இடம் திறக்கும், அதுக்குப் பின்னாலயே நீங்களும் இறங்கலாம். லோ டைட் ஆனதும் திரும்புற பக்கமா முகத்தைத் திருப்பிடுங்க. பிப்ரவரி நல்ல மாசம், ரெண்டு நாள் முன்னாடி புயல் காத்து அடிச்சிருந்தா இன்னும் நல்லது.

ரெண்டு பேரா போறீங்கல்ல, பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரே இடத்தைப் பாக்காதீங்க, ஆளுக்கு ஒரு கீற்று பிரிச்சுக்கோங்க, அப்புறம் இடம் மாத்திக்கோங்க. ஒருத்தர் பாத்து முடிச்ச இடத்துல இன்னொருத்தருக்குக் கிடைக்கிறது சர்வ சாதாரணம். ஒருத்தர் குனிஞ்சிருக்கும்போது இன்னொருத்தர் அப்பப்ப கடலையும் மேல சரிவையும் நிமிர்ந்து பாக்கணும், இது கட்டாயம்.

சுத்தியலைக் கடைசியா எடுக்கிற இடம் ஒண்ணு உண்டு. பீச்ல உருண்டு கிடக்கிற சப்பையான சாம்பல் சுண்ணாம்புக் கல்லு, ஓரத்துல அம்மோனைட் வரி எட்டிப் பாக்குதுன்னா அதைத் தட்டிப் பாக்கலாம். கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான். வீட்டுத் தச்சு சுத்தியல் வேணாம், அதோட இரும்பு சில்லு தெறிக்கும், கல் உடைக்கிறதுக்குன்னே இருக்கிற சுத்தியலான்னு அவ வாங்கினதைப் பாத்துக்கோங்க.

பருத்தித்துறை_காத்து:

தங்கச்சி, மேல சொன்ன அண்ணா எல்லாம் வடிவாச் சொல்லிப்போட்டார், நான் பயமான பக்கத்தை மட்டும் சொல்லுறன், நீங்கள் கேட்டபடியால். நாங்கள் குடும்பமா அந்தப் பக்கம் அடிக்கடி போறனாங்கள்.

சரிவுக்குக் கீழ போய் நிக்கவே கூடாது. மழை பெய்து முடிஞ்சு வெயில் எறிச்சாலும் உள்ளுக்குள்ள தண்ணி ஊறிக்கொண்டுதான் இருக்கும், சத்தமில்லாம விழும். 2008 மே மாசம் லைமுக்கும் சார்மத்துக்கும் இடையில ஏறக்குறைய 400 மீட்டர் நீளத்துக்குக் கரை அப்பிடியே சரிஞ்சு கடலுக்க வந்தது. 2012 ஜூலையில கொஞ்சம் கிழக்கால பர்ட்டன் பிராட்ஸ்டாக் கரையில பாறை விழுந்து ஒரு இளம்பிள்ளை செத்துப்போனா, அவா கல்லு உடைக்கப் போகேல்ல, சும்மா கீழ நடந்து போனவா. அதை நினைச்சுக்கொண்டு நில்லுங்கோ. ஃபாசில் கிடைக்கிறதும் தண்ணிப் பக்கம்தானே, சரிவுப் பக்கம் போக ஒரு தேவையும் இல்லை.

சேறு அடுத்தது. மேல காஞ்ச மாதிரி இருக்கும், கால் வைச்சா முழங்கால் வரைக்கும் இறங்கும், இழுக்க இழுக்க இன்னும் இறுக்கும். சேறு வழிஞ்சு கரைக்கு வந்திருக்கிற இடத்தைக் கண்டா சுத்திப் போங்கோ, மேல ஏறி மிதியாதேங்கோ. நல்லாப் பிடிக்கிற நடை பூட்ஸ் போடுங்கோ, வெலிங்டன் போட்டால் வழுக்கும், சேத்துக்க பூட்ஸ் நிண்டுபோய் கால் மட்டும் வெளியில வரும்.

கடல் பெருகேக்க லைம் பக்கத்துக்கும் சார்மத்துக்கும் இடையில மாட்டுப்பட்டால் ஏறி வர வழி இல்லை, பின்னால சேத்துச் சரிவு, முன்னால தண்ணி. ஒவ்வொரு வருசமும் கோஸ்ட்கார்ட் ஆக்களை இழுத்து எடுக்கிறது. ஒரு ஊரில இறங்கி மற்ற ஊருக்குக் கரையால நடந்து போவம் எண்டு மட்டும் யோசிக்காதேங்கோ, டைட் வடிவாத் தெரியாட்டி. போன் சார்ஜ் இருக்கோ எண்டு பாருங்கோ, ஏதும் நடந்தால் 999 அடிச்சு கோஸ்ட்கார்ட் எண்டு கேளுங்கோ.

இன்னொண்டு, லைம் பக்கத்துச் சரிவுக்க ஊரின்ர பழைய குப்பைமேடு இருக்கு, சரிவு விழேக்க அதுவும் வெளியில வந்து கரையில கிடக்கு, உடைஞ்ச போத்தல், துருப்பிடிச்ச தகடு. மெல்லிய கையுறை ஒண்டு கொண்டுபோங்கோ.

இதெல்லாம் சொல்லிப்போட்டு ஒண்டு சொல்லோணும், மழை கூடிப் பெய்து கரைக்குப் போக ஏலாமல் போனாலும் கவலைப்படாதேங்கோ. லைம் ரீஜிஸ் மியூசியத்துக்குப் போங்கோ, அது மேரி ஆனிங் பிறந்த வீடு இருந்த நிலத்திலதான் நிக்குது. 1799இல பிறந்த தச்சன்ர மகள், தகப்பன் 1810இல கடனை வைச்சுப்போட்டுச் செத்துப்போக, கரையில ஃபாசில் பொறுக்கி வித்துத்தான் வீடு நடந்தது. தமையன் 1811இல ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டான், மிச்ச உடம்பை அடுத்த வருசம் இந்தப் பிள்ளை கண்டுபிடிச்சவ, அப்ப பன்ரெண்டு பதின்மூண்டு வயசு. அதுதான் இக்தியோசார். பிறகு 1823இல நீளக் கழுத்துக் கடல் ஊர்வன பிளீசியோசார் முழுசா, 1828இல பறக்கிற ஊர்வன. அவ வித்ததை வைச்சு ஆய்வு செய்தது ஆம்பிளை விஞ்ஞானியள், அவையள் எழுதின கட்டுரையில இவவின்ர பேர் பெரும்பாலும் இல்லை, லண்டன் ஜியாலஜிக்கல் சொசைட்டி அந்தக் காலத்தில பொம்பிளையளைச் சேர்க்கிறதே இல்லை. அவ சரிவுக்குக் கிட்ட வேலை செய்யேக்க 1833இல மண் விழுந்து பக்கத்தில நிண்ட நாய் ட்ரே செத்துப்போச்சு, அவ மயிரிழையில தப்பினவ. இப்ப 2022இல ஊருக்க அவவுக்கும் அந்த நாய்க்கும் சேர்த்துச் சிலை வைச்சிருக்கினம். நான் என்ர மகளை அதுக்கு முன்னால நிப்பாட்டித்தான் முழுக் கதையும் சொன்னனான்.

தென்றல்_ஈஸ்ட்ஹாம்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, நீங்க எழுதினதை அப்படியே அவளுக்கு அனுப்பிட்டேன், சரிவுப் பக்கம் போக மாட்டேன்னு சொல்லிட்டா. மேரி ஆனிங் கதை பாதிதான் தெரியும், நாய் விஷயம் இப்பதான் கேள்விப்படறேன்.

இன்னும் ரெண்டு கேள்வி. பைரைட் அம்மோனைட் வீட்டுக்குக் கொண்டு வந்தா கொஞ்ச நாள்ல பொடியாயிடும்னு ஒருத்தர் சொன்னாரு, அதை எப்படிக் காப்பாத்துறது? அப்புறம் அவ கேக்கச் சொன்னா, நம்ம அரியலூர் பக்கம் கிடைக்கிற அம்மோனைட்டும் இதுவும் ஒண்ணுதானா? லண்டனுக்குப் பக்கத்துல ஒரே நாள்ல போயிட்டு வர மாதிரி இடம் இருந்தாலும் சொல்லுங்க, முன்னாடியே போய் கண்ணைப் பழக்கிக்கலாம்னு பாக்குறோம்.

உத்தத்தூர்_ஓடை:

பெரம்பலூர் பொண்ணு கேட்டிருக்காங்கன்னதும் எழுதாம இருக்க முடியல. நான் ஜியாலஜி படிச்சவன், ஊர் அந்தப் பக்கம்தான், இப்போ பிரிஸ்டல்ல வேலை.

ஒண்ணு இல்ல, ஆனா ஒரே குடும்பம். அம்மோனைட்டுங்கிறது சுமார் 20 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஜுராசிக் தொடங்கினதுல இருந்து 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசரோட சேர்ந்து அழியுற வரைக்கும் கடல் முழுக்க இருந்த கூட்டம், கொஞ்ச காலத்துக்கு ஒருக்கா இனம் மாறிட்டே இருக்கும், அதனாலதான் எந்த அம்மோனைட் இருக்குன்னு பாத்தே பாறையோட வயசைச் சொல்லிடுவாங்க. சார்மத்துல கிடைக்கிறது ஜுராசிக்கோட ஆரம்பக் காலம். நம்ம உத்தத்தூர், காரை, அரியலூர் எல்லாம் ஜுராசிக்குக்கு அடுத்து வந்த கிரெட்டேஷியஸ் காலம். காரைப் பக்கம் இருக்கிற களிமண்ணு சுமார் 10 கோடி வருஷம், சார்மத்துல அவங்க கையில எடுக்கப் போற கல்லுக்கு அது பாதி வயசு. அந்தக் காலத்துல அரியலூர், பெரம்பலூர் வரைக்கும் கடல் உள்ள வந்திருந்துச்சு. காரையில இன்னைக்கும் மழைத்தண்ணி அரிச்ச ஓடை ஓடையா செம்மண்ணும் களிமண்ணும் தெரியும், நடுவுல ஜிப்சம் வெள்ளையா மினுங்கும், கீழ பெலம்னைட் கிடக்கும். அங்க மழை பண்ற வேலையத்தான் சார்மத்துல மழையோட சேந்து கடலும் பண்ணுது. 1846லயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானி பாண்டிச்சேரி, விருத்தாச்சலம், திருச்சி பக்கத்துல இருந்து போன புதைபடிவங்களைப் பத்தி லண்டன்ல எழுதிட்டாரு, அதுக்கப்புறம் பிளான்ஃபோர்ட், ஸ்டோலிச்கான்னு வரிசையா வந்து வேலை செஞ்சிருக்காங்க. உலக அளவுல தெரிஞ்ச இடம் அது, நம்ம ஆளுங்களுக்குத்தான் சுண்ணாம்புக்கல் குவாரின்னு மட்டும் தெரியும். இது எனக்கு ரொம்ப வருத்தம். சாத்தனூர் கல்மரத்தை எம்.எஸ்.கிருஷ்ணன் 1940ல வெளிய சொன்னாரு, 18 மீட்டர் நீளம், கடலுக்கு அடிச்சுட்டு வந்து புதைஞ்ச மரம். உங்க ஃப்ரெண்ட் அதைப் பாத்துட்டு இந்த வழிக்கு வந்திருக்காங்கன்னா அந்த மரத்துக்கு வேலி போட்டு வச்சதுக்கு அர்த்தம் இருக்கு.

வீட்டுல பெருமாள் பூஜை இருந்தா சாளக்கிராமம் பாத்திருப்பீங்க, நேபாளத்துல கண்டகி நதியில கிடைக்கிறது. உள்ள தெரியுற சக்கரம் அம்மோனைட்டோடதுதான், அதுவும் ஜுராசிக் கடல், இமயமலை எழும்புறதுக்கு முன்னாடி அங்க இருந்த கடல். எங்க பாட்டி தினமும் பால் விட்டு அபிஷேகம் பண்ண கல்லு அது, காலேஜ்ல முதல் வருஷம் அம்மோனைட் வரைய சொன்னப்ப எனக்குப் புதுசா எதுவும் வரையற மாதிரியே இல்ல.

இப்போ பைரைட். உங்ககிட்ட சொன்னவர் சொன்னது சரி. காத்துல இருக்கிற ஈரமும் ஆக்சிஜனும் பட்டு பைரைட் மெதுவா சிதையும், வெள்ளையாவோ மஞ்சளாவோ பொடி பூக்கும், கந்தக வாடை வரும், அதுல இருந்து வர அமிலம் பக்கத்துல இருக்கிற டப்பா, லேபிளைக்கூட அரிச்சிடும். முழுசா நிறுத்த முடியாது, தள்ளிப் போடலாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசி உப்பை எடுங்க, பழைய பல் பிரஷ்ல மெதுவா தேய்ங்க, ஊற வச்சுட்டு நாள் கணக்கா விட்டுடாதீங்க. உடனே நல்லா காய வைக்கணும், இடுக்குல ஈரம் நிக்கவே கூடாது. அப்புறம் காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட போட்டு வைங்க, ஷூ டப்பாவுல வருமே அதே பாக்கெட்தான், அப்பப்ப மாத்திடுங்க. பாத்ரூம் பக்கத்து அலமாரி, சமையலறை ஜன்னல் இதெல்லாம் வேணாம். ஒரு துண்டுல பொடி பூக்க ஆரம்பிச்சா உடனே மத்ததுல இருந்து பிரிச்சு வைங்க. கால்சைட் அம்மோனைட், பெலம்னைட்டுக்கு இந்தக் கவலையே இல்ல, அலசிக் காய வச்சா போதும்.

நேஸ்_நடை:

ஒரு நாள்ல போற இடம்னா எஸ்ஸெக்ஸ்ல வால்டன் ஆன் த நேஸ். லிவர்பூல் ஸ்ட்ரீட்ல ரயில் ஏறினா கடல் ஓரத்துலயே இறங்கலாம், பெரும்பாலும் நடுவுல வண்டி மாத்த வேண்டியிருக்கும், அங்கருந்து நேஸ் டவர் வரைக்கும் நடை. அங்க ஜுராசிக் இல்ல, ரொம்பப் புதுசு, ஆனா சுறாப் பல்லு கிடைக்கும்! கீழ லண்டன் கிளேன்னு ஒரு களிமண் படிவம், 5 கோடி வருஷத்துக்கும் முந்தினது, அதுல இருந்து வர கறுப்புச் சுறாப்பல்லு லோ டைட்ல பொடிக் கூழாங்கல்லுக்கு நடுவுல கிடக்கும், கறுப்பா பளபளன்னு கூர்மையா ரெண்டு கால் விரிச்ச மாதிரி வேர். மேல ரெட் கிராக்னு துரு நிற மணல், அது 25-30 லட்சம் வருஷம்தான், சிப்பி நிறைய, அதுல ஒரு சங்கு மட்டும் இடது பக்கமா சுத்தியிருக்கும், நம்ம ஊர்ல இடம்புரி வலம்புரின்னு பாக்குறவங்களுக்கு அதைக் கையில எடுக்கும்போது தனி சந்தோஷம். இங்கயும் சரிவைத் தோண்டக்கூடாது, கீழ விழுந்தது மட்டும்தான்.

கென்ட்ல ஷெப்பி தீவும் இருக்கு, மின்ஸ்டர், வார்டன் பாயிண்ட் பக்கம். அதுவும் லண்டன் கிளேதான், நண்டு, சுறாப்பல்லு, அப்புறம் பைரைட்டா மாறின பழம், விதை கூட கிடைக்கும். நிப்பா பனையோட காய் அங்க கல்லா கிடைக்குது, அந்தப் பனை இன்னைக்கு இலங்கை, வங்காளம், மலேசியா பக்கத்து உப்பங்கழியில வளர்றது. அப்போ இங்கிலாந்து எவ்வளவு சூடா இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க. ஆனா ஷெப்பியில சேறு மோசம், பருத்தித்துறை அக்கா சொன்னது அத்தனையும் அங்கயும் பொருந்தும், முதல் தடவைக்கு வால்டன் போதும்.

இன்னொண்ணு, காசே இல்லாம பழகணும்னா சவுத் கென்சிங்டன்ல நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் போங்க. மேரி ஆனிங் எடுத்த இக்தியோசார் மண்டையோடு, பிளீசியோசார் எல்லாம் அங்க இருக்கு. போறதுக்கு முன்னாடி எலும்பு எப்படி இருக்கும்னு கண்ணுல ஏத்திக்கிட்டுப் போனா கரையில தெரியும்.

மெட்ராஸ்_வெயில்:

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா எனக்கு ஒண்ணு உறுத்துது. உலகப் பாரம்பரிய இடம்னு 2001ல அறிவிச்ச ஒரு கரையில இருந்து வர்றவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு பை அள்ளிட்டுப் போனா கடைசில என்ன மிஞ்சும்? போட்டோ எடுத்துட்டு அங்கயே விட்டுட்டு வர்றதுதானே சரி? திருவக்கரையில கல்மரத் துண்டை எடுத்துட்டுப் போறவங்களைப் பாத்து நாம எவ்வளவு கோவப்படறோம்.

கல்லும்கடலும்:

கேள்வி நியாயமானது, நானும் இதைப் பத்தி நிறைய யோசிச்சிருக்கேன். திருவக்கரைக்கும் சார்மத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. திருவக்கரையில மரம் தரையில கிடக்கு, யாரும் தொடலைன்னா நூறு வருஷம் கழிச்சும் அங்கதான் கிடக்கும், எடுத்தா அது திருட்டு. சார்மத்துல சரிவுல இருந்து வெளிய வந்த ஒரு அம்மோனைட்டுக்கு அடுத்த சில டைட் மட்டும்தான் ஆயுசு. பைரைட்டா இருந்தா கொஞ்சம் தாங்கும், எலும்பா இருந்தா கூழாங்கல்லோட உருண்டு உருண்டு சில வாரத்துல அடையாளமே போயிடும். நாம விட்டுட்டு வந்தா அது அங்க இருக்காது, கடலுக்குள்ள பொடியா இருக்கும். கரை இடிஞ்சுட்டே இருக்கிறதாலதான் அந்த இடத்துக்கே பெருமை, அதைத் தடுத்து நிறுத்தணும்னு விதிமுறை எழுதினவங்களும் நினைக்கல. இக்தியோசார், பிளீசியோசார், ரிச்சர்ட் ஓவன் 1860கள்ல விவரிச்ச ஸ்கெலிடோசாரஸ்ங்கிற கவச டைனோசர், எல்லாமே இந்தக் கரையோரத்து ஆளுங்க சரியான நேரத்துல எடுத்துக் கொடுத்ததுதான். ஒரு மழைக்காலம் யாரும் அங்க போகலைன்னா அந்த வருஷம் வெளிய வந்தது அத்தனையும் போச்சு.

ஆனா நீங்க சொல்ற கோவம் வேற ஒரு இடத்துல ரொம்ப சரி. லைம்ல காப் துறைமுகத்துக்கு மேற்கால மான்மத் பீச்ல லோ டைட்ல ஒரு பாறைத்தளம் தெரியும், முழுக்க பெரிய பெரிய அம்மோனைட், சிலது வண்டிச் சக்கரத்தோட பாதி அளவு இருக்கும். அது பாறையோட பாறையா இருக்கு, அதுல உளி வைக்கிறவங்களை நான் மன்னிக்க மாட்டேன். தென்றல், நீங்க ரெண்டு பேரும் லைம்ல தங்குறீங்கல்ல, அதைக் கட்டாயம் பாருங்க, பாத்துட்டு மட்டும் வாங்க. சுத்தியலை ரூம்லயே வச்சிட்டுப் போங்க.

அப்புறம் அள்ளுறது பத்தி. கிடைக்கிறது எல்லாம் பைக்குள்ள போட வேணாம். பெலம்னைட் அம்பது கிடைக்கும், நல்லா முழுசா இருக்கிற ஒண்ணு ரெண்டு போதும், மிச்சத்தை அடுத்து வர்ற பசங்களுக்கு விட்டுடுங்க. எலும்பு மாதிரி ஏதாவது, அதுவும் ஒண்ணுக்கு மேல பக்கத்துல பக்கத்துல கிடந்தா, அங்கயே நின்னு போட்டோ எடுங்க, போன்ல இடத்தைப் பதிஞ்சுக்கோங்க, எடுத்துட்டு நேரா ஹெரிட்டேஜ் சென்டருக்குப் போங்க. பாறைக்குள்ள பாதி புதைஞ்சிருந்தா எடுக்கவே வேணாம், போட்டோவோட போய் சொல்லுங்க, அவங்களுக்குத் தெரியும் யாரைக் கூப்பிடணும்னு.

பைக்குள்ள சின்ன ஜிப் கவர் கொஞ்சமும் ஒரு பென்சிலும் வச்சுக்கோங்க. ஒவ்வொரு கல்லோடயும் தேதி, எந்தப் பக்கத்து பீச், சரிவுல இருந்து எவ்வளவு தூரம்னு ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி உள்ள போடுங்க, பேனா மை ஈரத்துல கரைஞ்சிடும். ஒருத்தர் தேட ஒருத்தர் எழுதலாம், ரெண்டு பேர் போறதுல அது ஒரு வசதி. எங்க கிடைச்சதுன்னு எழுதாத கல்லை எந்த மியூசியமும் பெருசா எடுத்துக்காது, எழுதின கல்லுன்னா அது சின்னதா இருந்தாலும் கையில வாங்கிப் பாப்பாங்க.